கிளாக் சிப்புக்கு மணி தெரியாது

நேற்றும் ஒரு கணினி மதர்போர்டு பழுது பார்க்க வந்தது. கணினியை அணைத்துப் போட்டால் தேதி பழையபடி பின்னுக்குப் போய்விடுகிறதாம். என்னிடம் வருவதற்கு முன்பே யாரோ, மணி காட்டுவது கிளாக் சிப்தான் என்று நினைத்து, ஹாட் ஏர் (ஈயத்தை உருக்கும் சூடான காற்றுக் கருவி) வைத்து அதைப் பிடுங்கி வேறொன்றை ஒட்டியிருந்தார்கள். சிப்பின் கால் ஒட்டும் செம்புப் பேட் மூன்று பிய்ந்து கிடந்தது. பட்டன் பேட்டரியை அளந்தேன்: 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1.9. அதை மட்டும் மாற்றியிருந்தால் போதும். மனசு ஆறவில்லை, எழுதுகிறேன்.

பெயரில் கிளாக் இருக்கிறதே தவிர, அந்தச் சிப்புக்கு மணியும் தெரியாது, தேதியும் தெரியாது. அது தாளம் மட்டுமே போடும். பக்கத்தில் இருக்கும் 14.318 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் (சீராகத் துடிக்கும் குவார்ட்ஸ் துண்டு) துடிப்பை வாங்கி, யூஎஸ்பிக்கு 48, கூடுதல் கார்டு செருகும் பிசிஐக்கு 33.3, பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் என்று பிரித்துக் கொடுக்கும். (அந்த 14.318, 1981-இல் வந்த ஐபிஎம் பிசி விட்டுச் சென்ற சொத்து. அன்றைய அமெரிக்கக் கலர் டிவியின் நிறச் சிக்னலான 3.58 மெகாஹெர்ட்ஸைப் போல நான்கு மடங்கு.)

மணி பார்ப்பது வேறொரு கிரிஸ்டல். வினாடிக்கு 32,768 துடிப்பு; அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் வினாடிக்குச் சரியாக ஒன்று. கணினி அணைந்திருக்கும்போது அது பட்டன் பேட்டரியில் ஓடுகிறது. கிளாக் சிப்போ, கணினியை அணைத்ததும் நின்றுவிடும். நின்றுபோன சிப் இரவெல்லாம் எப்படி மணி எண்ணும்? இதை ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்தப் போர்டில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். நாளுக்கு ஓரிரு வினாடி தள்ளிப்போவதெல்லாம் பழுதே இல்லை.

கிளாக் சிப் உண்மையிலேயே போனால் பெரும்பாலும் திரையே வராது. ஒரே ஒரு யூஎஸ்பி போர்ட் மட்டும் தகராறு செய்தால் அந்த போர்ட்டைப் பாருங்கள், சிப்பை விட்டுவிடுங்கள். புதிய போர்டுகள் பலவற்றில் இந்த வேலை போர்டின் முக்கியச் சிப்பான சிப்செட்டுக்குள்ளேயே போய்விட்டது. தனிச் சிப்பைத் தேடிக் கண்ட ஐசியையெல்லாம் சூடாக்காதீர்கள்.

கிளாக் சிப் மீதே சந்தேகம் வந்தால் முதலில் அதற்கு 3.3 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். துடிப்பைத் திரையில் காட்டும் ஸ்கோப்பின் ப்ரோபில் (தொட்டு அளக்கும் முனை) இருக்கும் சுவிட்சை 10 எக்ஸில் வையுங்கள். 1 எக்ஸில் வைத்துக் கிரிஸ்டல் காலைத் தொட்டால், ப்ரோபின் கெப்பாசிட்டன்ஸே (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை) துடிப்பை நிறுத்திவிடும். அப்புறம் நல்ல கிரிஸ்டலுக்குச் செத்துப்போனதாகப் பட்டம் கட்டுவீர்கள். 100 மெகாஹெர்ட்ஸ் வர வேண்டிய இடத்தில் மீட்டர் 99.75 காட்டினாலும் பதறாதீர்கள். ரேடியோ இரைச்சல் ஒரே இடத்தில் குவியாமல் இருக்க, சிப் வேண்டுமென்றே அரை சதவீதம் வரை இறங்கி ஏறுகிறது.

காலும் அளவும் ஒத்துப்போகிறது என்பதற்காக வேறு எண்ணுள்ள சிப்பைப் போடாதீர்கள். உள்ளே ரெஜிஸ்டர் (சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) மாறினால் எந்தக் காலில் என்ன வேகம் வரும் என்று சொல்ல முடியாது.

ஏற்கெனவே கழற்றிவிட்டீர்களா? சரி, பழைய சிப்பைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். ஒரு கவரில் போட்டு போர்டோடு அனுப்புங்கள். அதன் மேலிருக்கும் எண்ணை வைத்துத்தான் மாற்றுச் சிப் தேட முடியும்.