அம்மாவை மேமோகிராமுக்கு அழைத்துப் போகும் முன்

எங்கள் புளோக்கில் 71 வயது ஆன்ட்டி ஒருவருக்கு மார்பில் சின்னக் கட்டி தட்டுப்பட்டது. மகள் உடனே மேமோகிராம் (மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் எக்ஸ்ரே) பரிசோதனைக்கு நாள் வாங்கினார். மூன்று வாரம் காத்திருந்து போனால், முகப்பில்தான் முதல்முறையாகக் கேட்டார்கள்: "கட்டி ஏதும் இருக்கா?" இருக்கு என்றதும், இங்கே எடுக்க முடியாது, டாக்டரைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாள் கொடுக்கும்போதே இதைக் கேட்டிருக்கக் கூடாதா?

சிங்கப்பூரில் மேமோகிராமுக்கான தேசியப் பரிசோதனைத் திட்டம் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு மட்டும். கட்டி, காம்பில் கசிவு, தோலில் சுருக்கம் இருந்தால் அந்த வரிசையில் நிற்காதீர்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்டரைப் பார்த்து, மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அதோடு போனால் அங்கேயும் சலுகைக் கட்டணம் கிடைக்கும்.

அறிகுறி இல்லையென்றால், 50 வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம். குடிமக்களுக்கு 50 வெள்ளி, நிரந்தரவாசிகளுக்கு 75. மெர்டேக்கா தலைமுறைக்கு (1950களில் பிறந்தவர்கள்) 37.50, முன்னோடித் தலைமுறைக்கு (அதற்கு முன் பிறந்தவர்கள்) 25. இதில் பலரும் வயதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள். மெர்டேக்கா சலுகைக்கு அம்மா 1955இல் பிறந்திருந்தால் மட்டும் போதாது, 1996 டிசம்பர் 31க்குள் குடியுரிமையும் வாங்கியிருக்க வேண்டும். கல்யாணமாகி இங்கே வந்து, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு குடியுரிமை எடுத்த நம் அம்மாக்கள் இதில்தான் விடுபடுகிறார்கள். நீண்டகால வருகை அனுமதியில் இருப்பவர்களுக்குச் சலுகையே கிடையாது.

நீலம் அல்லது ஆரஞ்சு சாஸ் அட்டை (குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் மருத்துவச் சலுகை அட்டை) வைத்திருக்கும் குடிமக்கள் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்தின் பீஷான் கிளினிக்கில் கேளுங்கள், அங்கே இலவசம். பச்சை அட்டையோடு போய் அலையாதீர்கள்.

மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தும் கட்டலாம், பிள்ளைகள் கணக்கிலிருந்தும் கட்டலாம். ஆனால் கணக்குக்காரர் ஒப்புதல் தர வேண்டும். மகன் வேலையிடத்தில் போனை எடுக்காமல் இருக்க, அம்மா முகப்பில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதை முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

அப்புறம், அன்று காலை பவுடர் வேண்டாம். குளித்ததும் கழுத்து, அக்குள் என்று அள்ளிப் பூசுவது நம் பாட்டிகளுக்குப் பழக்கம். படத்தில் அது வெள்ளைப் புள்ளியாக விழுந்து குழப்பும்.

மறுபடி வரச் சொல்லிக் கடிதம் வந்தால் சிலர் பயந்து அதை அலமாரியில் ஒளித்துவிடுகிறார்கள். கூடுதல் படம் எடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள். அப்படிப் போகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. அதனால் அம்மாவுக்கு நாள் வாங்கும்போது உங்கள் கைபேசி எண்ணையும் கொடுத்து வையுங்கள்.