பழைய பிக்கப்பில் ஹெட்டர்: தற்காலிக ஒட்டு எங்கே தாங்கும்?

1970களின் ஷெவ்ரலே சி-10 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். 350 கன அங்குல வி8 இன்ஜின்; பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் கனத்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அதே வேலையைத் தனித்தனிக் குழாய்களால் செய்யும் ஹெட்டரை மாட்டுகிறார்கள். பக்கத்துக்கு நான்கு குழாய்கள் வளைந்து வந்து ஒரே வாயில் சேரும். சிக்கல் அந்த வாயில்தான். பழைய சைலன்சர் குழாய் அதற்குப் பொருந்தாது. அளவும் வேறு, இடமும் வேறு. வெல்டிங் பட்டறை வரை ஓட்டிப்போக, நடுவில் எதையாவது வைத்து இணைத்தாக வேண்டும்.

புகை, வாய்க்கால் தண்ணீர்போல, ஒரே சீராக ஓடுவதில்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்றில், ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்கள் விநாடிக்கு 100 முறை புகையைத் தள்ளுகின்றன. ஒவ்வொரு தள்ளலுக்கும் பின்னால் அழுத்தம் சட்டென்று இறங்கும். சிலிண்டரில் மிஞ்சிய புகையை இழுத்தெடுப்பது அந்த இறக்கம்தான். ஹெட்டரின் பலனே அதில்தான் இருக்கிறது. இணைப்பில் சந்து இருந்தால் அதே இறக்கம் வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துவிடும். ஆக்சிலரேட்டரை விட்டதும் படபடவென்று கேட்கிறதே, அது எரியாத பெட்ரோல் அந்தக் காற்றோடு சேர்ந்து குழாய்க்குள் எரியும் சத்தம்.

அப்புறம் வெப்பம். ஒரு மீட்டர் இரும்புக் குழாய் 500 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும், ஆறினால் சுருங்கும். இந்த இழுபறியில், இணைப்பின் நடுவே சந்தை அடைக்க வைக்கும் கேஸ்கெட் தகடு அமுங்கி போல்ட் தளரும். முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும்.

குளிர்பான கேனை வெட்டிச் சுற்றி, ஹோஸ் கிளிப்பால் இறுக்குவது பலரும் செய்யும் வைத்தியம். சைலன்சருக்குப் பின்னால், புகை ஆறி வரும் இடத்தில், சில நாள் தாங்கும். ஹெட்டர் வாயருகே கூடவே கூடாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். சுமையோடு ஏற்றம் ஏறும்போது அங்கே புகை அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். அங்கே ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரும்புக் குழாய்த் துண்டும் அகலப் பட்டை கிளாம்பும்தான் சரி.

சந்துகளில் பூசும் எக்ஸாஸ்ட் பேஸ்டில் பெரும்பாலும் சோடியம் சிலிகேட் இருக்கும். ஈரம் காய்வதற்குள் இன்ஜினை வேகமாக ஓடவிட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பேஸ்ட் கொப்பளித்துவிடும். தட்டிப் பார்த்தால் பொரிபோல உதிரும். வண்டியை நிறுத்தியபடி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, அணைத்து, ஆறவிட வேண்டும்.

எதைச் செய்தாலும் குழாயைக் கேபினுக்கு அடியில் முடித்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். இணைத்த கையோடு சோதித்துவிடுங்கள்: திறந்த வெளியில், இன்ஜின் சூடாகும் முன், கையுறை போட்டுக்கொண்டு கனத்த துணியால் குழாயின் வால்நுனியை ஓரிரு விநாடி அடையுங்கள். சந்து இருந்தால் அந்த இடத்தில் ‘உஸ்’ என்று கேட்கும்.