18 பைசா ஏன் 22 பைசாவை விடப் பெரிதாகத் தெரிகிறது?

தில்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடிதான் அக்கா வீடு. அவள் மகள் எட்டாம் வகுப்பு. 2025 பட்ஜெட் வந்த வாரம் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார்கள்: மத்திய அரசுக்கு வரும் ஒரு ரூபாய் எங்கெங்கிருந்து வருகிறது என்று வட்ட விளக்கப்படம் வரைய வேண்டும். சார்ட் பேப்பரோடு ஒரு பத்திரிகைப் பக்கத்தையும் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். "சித்தி, வருமான வரி 22 பைசா, ஜிஎஸ்டி 18 பைசான்னு போட்டிருக்கு. ஆனா படத்துல ஜிஎஸ்டிதானே பெருசா இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான், ஜிஎஸ்டி துண்டு பெரிதாகத்தான் இருந்தது. எண்கள் எல்லாம் சரி.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். முழு வட்டம் 360 டிகிரி, அதனால் ஒரு சதவீதத்துக்கு 3.6 டிகிரி. 2025-26 பட்ஜெட்டில் கடன் 24 பைசா, வருமான வரி 22, ஜிஎஸ்டி 18, நிறுவன வரி 17, வரி அல்லாத வருவாய் 9, கலால் 5, சுங்கம் 4, கடன் சாராத மூலதன வரவு (அரசு தன் பங்குகளை விற்பது போன்றவை) 1. கூட்டினால் 100 வரும். ஒவ்வொன்றையும் 3.6ஆல் பெருக்கினால் மையக் கோணம். வருமான வரிக்கு 79.2, ஜிஎஸ்டிக்கு 64.8. கோணமானியை வைத்துக் கோடு போட்டால் பாடம் முடிந்தது.

இந்தப் படம் ஏன் வேலை செய்கிறது என்பதைத்தான் பாடத்தில் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். ஒரே வட்டத்துக்குள் ஒரு துண்டின் கோணம், அதன் வெளி வில்லின் நீளம், அதன் பரப்பு மூன்றும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்கும். 22 பைசாத் துண்டுக்கு 22 சதவீதக் கோணம், 22 சதவீத வில், 22 சதவீதப் பரப்பு. கண் எதைப் பிடித்துக்கொண்டு படித்தாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். 1801இல் வில்லியம் ப்ளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தப் படத்தை முதன்முதலாக அச்சில் போட்டபோது, துருக்கியப் பேரரசின் நிலம் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பதைக் காட்டினார். வட்டம் தாளில் நேராக, தட்டையாக இருந்தது.

அக்கா மகள் கொண்டுவந்த பத்திரிகையில் வட்டம் தட்டையாக இல்லை. மேஜைமேல் வைத்த கேக்கைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பதுபோலப் பின்னால் சாய்த்து, தடிமனும் கொடுத்து அச்சிட்டிருந்தார்கள்.

சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து வந்து, மார்க்கரால் நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். சரியாக நான்கு கால் வட்டங்கள், ஒவ்வொன்றும் 90 டிகிரி. அதை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துவிட்டு மெதுவாகப் பின்னால் சாய்த்துக்கொண்டே போனேன். "ஐயோ, கீழே இருக்கறது விரியுது சித்தி!" என்றாள். அதேதான். தட்டின் உயரம் பாதியாகச் சுருங்கித் தெரியும் அளவுக்குச் சாய்த்தால், அவளுக்குக் கிட்டே இருக்கும் துண்டின் கோணம் 90இலிருந்து ஏறக்குறைய 127 ஆகத் தெரியும், எதிர்ப்புறத் துண்டும் அப்படியே. இடது வலதுத் துண்டுகள் 53க்குச் சுருங்கிவிடும். வில்லும் அப்படித்தான், முன்பக்க வில் பக்கவாட்டு வில்லைப் போல ஒன்றரை மடங்கு ஆகிவிடும்.

இதிலே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்னவென்றால், பரப்பின் விகிதம் மட்டும் அசையாது! தாளில் வரைந்த வட்டத்தை மேலிருந்து கீழாக ஒரே சீராக அமுக்கினால் எல்லாத் துண்டும் ஒரே விகிதத்தில்தான் சுருங்கும், அதனால் நான்கும் சமமாகவே இருக்கும். மூன்று சாட்சிகளில் இரண்டு பேர் மாற்றிச் சொல்ல, ஒருவர் மட்டும் உண்மையையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பத்திரிகையில் அவரையும் கெடுத்துவிட்டார்கள், ஏனென்றால் கேக்கின் தடிமன் முன்பக்கத் துண்டுக்குக் கீழேதான் பட்டையாகத் தெரிகிறது, அதையும் அதே நிறத்தில் பூசிவிட்டால் அந்தப் பரப்பும் ஜிஎஸ்டி கணக்கில் சேர்ந்துவிடும்.

இப்போது அவள் கேள்விக்கு வருவோம். ஜிஎஸ்டி முன்பக்க நடுவில், வருமான வரி பக்கவாட்டில். அதே பாதிச் சாய்வில் போட்டுப் பார்த்தால் 64.8 டிகிரி கிட்டத்தட்ட 104 ஆகத் தெரியும், 79.2 வெறும் 45 ஆகத் தெரியும். குழந்தையின் கண்ணில் ஒரு தப்பும் இல்லை.

நேராக வைத்தாலும் நம் கண் இதில் அவ்வளவு கெட்டி இல்லை. 1984இல் க்ளீவ்லாந்து, மெக்கில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆட்களை வைத்துச் சோதித்தபோது, ஒரே கோட்டிலிருந்து எழும் பட்டைகளை ஒப்பிடுவதில் பிழை குறைவு, கோணத்தை ஒப்பிடுவதில் அதிகம் என்று வந்தது. 2016இல் கொசாரா, ஸ்கா என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனையில், நடுவில் ஓட்டை போட்ட உளுந்து வடை மாதிரியான படத்தையும் மக்கள் ஏறக்குறைய அதே துல்லியத்தோடு படித்தார்கள், கோணத்தை மட்டும் தனியாகக் காட்டியபோதுதான் தடுமாறினார்கள். நாம் வகுப்பில் கோணத்தை அளந்து வரையச் சொல்கிறோம், பார்க்கிறவர் கண்ணோ வில்லையும் பரப்பையும் நம்பிப் போகிறது.

எனக்கு இதில் கோபமே உண்டு. பரீட்சையில் "மையக் கோணம் காண்க" என்று கேட்டு மதிப்பெண் போட்டுவிடுகிறோம், கண்ணில் படுகிற ஒரு படத்தைச் சந்தேகப்படச் சொல்லித் தருவதில்லை. வரிப்பணத்தைப் பற்றி மக்களுக்குச் சொல்லும் படத்தை யாரும் சாய்த்து அச்சிடவே கூடாது என்பது என் கருத்து. அப்புறம் இன்னொன்று, வட்டம் பங்கைத்தான் சொல்லும், தொகையைச் சொல்லாது. போன வருஷ வட்டத்தையும் இந்த வருஷ வட்டத்தையும் பக்கத்தில் வைத்து, துண்டு சிறுத்திருக்கிறது, அதனால் பணம் குறைந்துவிட்டது என்று படிப்பது தப்பு. மொத்தம் எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும்.

அவள் கடைசியில் இரண்டு படம் வரைந்தாள். தட்டையான வட்டம் ஒன்று, அதே எண்களுக்குச் சாய்ந்த வட்டம் ஒன்று, இரண்டிலும் ஜிஎஸ்டிக்கு ஒரே பச்சை. 1 பைசாத் துண்டுக்கு 3.6 டிகிரி வேண்டும், கோணமானியில் 3க்கும் 4க்கும் நடுவே கோடு கிடையாது. நாக்கைக் கடித்துக்கொண்டு பென்சில் முனையை அங்கே நிறுத்த அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது.