பிள்ளையைத் தூக்கும் கையில் வரும் வலி

மணிக்கட்டில் எலும்பு விலகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு எலும்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அண்மையில் வந்த ஓர் இளம் தாய், நான்கு மாதக் குழந்தையைத் தம் தாயாரிடம் கொடுத்துவிட்டு, வலது கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் இருக்கும் எலும்பு மேட்டைத் தொட்டுக் காட்டினார். இரண்டு முறை சுளுக்கு எடுத்திருந்தார்கள். தைலம் தேய்த்து உருவி, விரலைச் சொடுக்கி இழுத்ததில் வீக்கம் கூடியிருந்தது. எக்ஸ்ரேயில் ஒரு குறையும் இல்லை. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. “புள்ள பெத்த ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்றார் தாயார்.

கட்டைவிரலை விலக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள் முன்கையிலிருந்து இறங்கி, அந்த எலும்பு மேட்டின்மேல் ஓர் இறுக்கமான நார்ப்பட்டைக்கு அடியில் புகுந்து விரலுக்குச் செல்கின்றன. பாவாடை மடிப்புக்குள் நாடா ஓடுவதை நினைத்துக்கொண்டால் போதும். பட்டை தடித்து உள்வழி குறுகிவிட்டால், விரலை அசைக்கும்போதெல்லாம் நாண் உரசிக்கொண்டு நகர்கிறது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வேன் 1895இல் விவரித்ததால் இந்நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அழற்சி என்று நாம் சொன்னாலும், நாள்பட்ட வலியில் அந்தப் பட்டையை நுண்ணோக்கியில் பார்த்தால் அழற்சியைவிடத் தடிப்பும் சிதைவுமே மிகுதியாகத் தெரிகின்றன. வலி மாத்திரை மட்டும் சாப்பிட்டு, அது தீர்ந்ததும் பலர் அதே வலியோடு திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது; 30 முதல் 50 வயதுக்குள்ளும் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலும் கூடுதலாகக் காண்கிறோம். கைபேசியைக் குற்றம் சொல்வது எளிது. நான் முதலில் பார்ப்பது, குழந்தையை எப்படித் தூக்குகிறார்கள் என்பதைத்தான். அந்தத் தாயையும் என் எதிரிலேயே தூக்கச் சொன்னேன். கட்டைவிரல்களை அகல விரித்து அக்குள்களில் கொடுத்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துத் தூக்கினார். பாதித் தூக்கலிலேயே முகம் சுளித்தது. ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் மறுகையை முதுகுக்கும் பின்னந்தலைக்கும் அணையாகவும் கொடுத்து, கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துக்கொண்டு, பாரத்தை முன்கையில் வாங்கித் தூக்கக் கற்றுக்கொடுத்தோம். ஈரத்துணி பிழிவதும், தேங்காய் துருவுவதும், நிறைந்த குக்கரை ஒரே கையால் இறக்குவதும் அதே நாண்களைத்தான் வருத்துகின்றன. ஆகவே ‘கைக்கு ஓய்வு கொடுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லி அனுப்புவதில் பயனில்லை. எந்த அசைவை விட வேண்டும் என்று காட்டிச் சொல்ல வேண்டும்.

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும் சோதனையை இணையத்தில் பார்த்துவிட்டுத் தினமும் காலையில் செய்துபார்க்கிறவர்கள் உண்டு. நல்ல கையிலும் அது சற்று வலிக்கும். புண்பட்ட நாணை நாள்தோறும் இழுத்துப் பார்ப்பது வலியை நீட்டிக்கவே செய்யும். ரப்பர் பந்தைப் பிசையும் பயிற்சியும் தொடக்கத்தில் வேண்டாம்.

மருந்துக்கடையில் வாங்கும் மணிக்கட்டுப் பட்டையில் கட்டைவிரல் வெளியே நிற்கிறது; அசையக் கூடாத விரலே அசைந்துகொண்டிருந்தால் கட்டு எதற்கு? கட்டைவிரலின் அடிப்பகுதியையும் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்து, விரல்நுனிக் கணுவை மட்டும் அசைய விடும் ஸ்பிளின்ட் என்னும் தாங்குகட்டுதான் தேவை. மூன்று முதல் ஆறு வாரம் அணிந்து, வலி தணிந்தபின் சிறு பாரத்தோடு மெதுவாகப் பயிற்சி தொடங்குவோம். பாலூட்டும் தாய்மார்கள் வலி மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

இவற்றில் அடங்காத வலிக்கு எலும்பு மருத்துவரிடம் அனுப்புகிறேன். நாண் உறைக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி, பெரும்பாலோருக்கு ஓரிரு முறையிலேயே குணம் தருகிறது. போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறலாம். சிலருக்கு அந்த வழி உள்ளே ஒரு தடுப்பால் இரண்டாகப் பிரிந்திருக்கும். மருந்து ஓர் அறையில் மட்டும் இறங்கி, மற்றதில் வலி அப்படியே நிற்கும். ஊசியிலும் தீராதவர்களுக்கு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து பட்டையைத் திறந்துவிடும் சிறிய அறுவை உண்டு. மேலாக ஓடும் உணர்வு நரம்பு அடிபட்டால் கட்டைவிரலின் பின்புறம் மரத்துப்போகும் என்பதால், பழகிய கைகள் செய்ய வேண்டிய வேலை அது.

மகளுக்கு ஸ்பிளின்ட் போட்டு முடித்ததும் தாயார் தம் கையையும் நீட்டினார். பாட்டில் மூடி திறக்கும்போதும் சாவி திருகும்போதும் வலிக்கிறதாம். அவர் தொட்டுக் காட்டிய இடம் எலும்பு மேடு அல்ல. அதைவிட விரல் பக்கமாக, கட்டைவிரலின் அடி மணிக்கட்டோடு சேரும் மூட்டு. அது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம் என்று சொல்லி, அவருக்குத்தான் எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தேன்.