நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்: கில்லன்-பாரே நோயிலிருந்து நரம்பு மீளும் விதம்

கில்லன்-பாரே நோயால் கைகால்கள் செயலிழந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் கிடந்து, பிழைத்து வீடு திரும்பிய தந்தையையோ தாயையோ பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளின் மனத்தை ஒரு கேள்வி விடாமல் அரித்துக்கொண்டிருக்கும். விலையுயர்ந்த மருந்தை ஐந்து நாளும் ஏற்றியாயிற்று, மூச்சும் சீராகிவிட்டது. பிறகு ஏன் ஆறு மாதம் ஆகியும் பாதம் மேல்நோக்கி நிமிரவில்லை? சிகிச்சை தோற்றுவிட்டதா? பெரும்பாலும் அப்படி இல்லை. மருந்து செய்யும் வேலை வேறு, நரம்பு தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் வேலை வேறு. இரண்டாவது வேலை எவ்வளவு மெதுவானது என்பது புரிந்தால், அந்த வீட்டின் அச்சத்தில் ஒரு பகுதியாவது குறையும்.

ஆண்டுதோறும் லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும் இந்நோயை, 1916இல், முதல் உலகப் போரின் நடுவே, பிரெஞ்சு இராணுவ மருத்துவர்களான கில்லன், பாரே, ஸ்ட்ரோல் ஆகிய மூவரும் இரண்டு படைவீரர்களிடம் கண்டு விவரித்தார்கள். கைகால்கள் வலுவிழந்திருந்தன, முழங்காலைத் தட்டினால் கால் துள்ளவில்லை, தண்டுவட நீரில் புரதம் மிகுந்திருந்தும் செல்கள் மிகவில்லை. இந்த அடையாளங்களை மருத்துவர்கள் இன்றும் தேடுகிறார்கள். நோயைக் காணும் குடும்பத்தினர் முதலில் பக்கவாதமோ என்றுதான் அஞ்சுவார்கள். ஆனால் பக்கவாதம் பெரும்பாலும் மூளையில் தொடங்கி உடலின் ஒரு பக்கத்தைத் தாக்குவது. இதுவோ மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஓடும் நரம்புகளைத் தாக்குவதால், வழக்கமாக இரு கால்களிலும் சேர்ந்தே தொடங்கி மேலே ஏறுகிறது. நோயாளியின் அறிவோ முற்றிலும் தெளிவாக இருக்கிறது.

தாக்குவது வெளியிலிருந்து வந்த கிருமி அன்று, நம் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே. நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு, சில வாரங்களுக்கு முன்பு வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ வந்து போயிருக்கும். சரியாக வேகாத கோழி இறைச்சியிலும் மாசுபட்ட நீரிலும் இருக்கும் கேம்பைலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியா இவற்றை உண்டாக்கும் கிருமிகளுள் முதன்மையானது. 2025இன் தொடக்கத்தில் புனேயில் பலருக்கு இந்நோய் கண்டபோது, நோயாளிகள் சிலரின் மாதிரிகளிலும் இக்கிருமி கண்டறியப்பட்டது. இதன் மேலுறையில் உள்ள சர்க்கரைக் கொழுப்பு மூலக்கூறுகள், நம் நரம்புகளின் மேல் உள்ள கேங்லியோசைடு என்னும் மூலக்கூறுகளை அச்சாக ஒத்திருக்கின்றன. ஆகவே கிருமியை அழிக்க உருவான எதிர்ப்பான்கள், கிருமி ஒழிந்த பின்பு, தம் நரம்பையே பகையென்று பற்றிக்கொள்கின்றன.

நரம்பிழை ஒன்றை மின்கம்பியாகக் கொண்டால், அதன்மேல் சுற்றப்பட்டிருக்கும் மயலின் என்னும் கொழுப்புறைதான் காப்புறை. உறை இருக்கும்வரை தசையை இயக்கும் செய்தி நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. உறை சிதைந்தால் செய்தி தளர்கிறது, அல்லது நடுவழியிலேயே நின்றுபோகிறது. சிலருக்கு உறை மட்டும் சிதைகிறது. வேறு சிலருக்கு உள்ளிருக்கும் இழையே அறுபடுகிறது. இந்த வேறுபாடே பின்னாளில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதால், இதை அறிய உதவும் நரம்புக் கடத்தல் பரிசோதனையின் முடிவைப் பிள்ளைகள் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பல்லாயிரம் பேர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து ஏற்றப்படும் இம்யூனோகுளோபுலினும், பிளாஸ்மாவை வெளியேற்றி மாற்றும் சிகிச்சையும் எதிர்ப்பான்களின் தாக்குதலைத்தான் அடக்குகின்றன. எரிகிற வீட்டில் தீயை அணைப்பது போன்றது இது. இடிந்த சுவரை எழுப்புவதன்று. சுவரை எழுப்பும் கொத்தர்கள், நரம்பிழைமேல் மயலின் உறையைச் சுற்றும் ஷுவான் செல்கள். உறை மட்டும் போயிருந்தால் அவை சில வாரங்களிலோ மாதங்களிலோ புதிய உறையைச் சுற்றிவிடுகின்றன. இழையே அறுந்திருந்தால், அது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். முழங்காலிலிருந்து பாதம் வரை 40 சென்டிமீட்டர் என்று கொண்டால், 400 நாள் பயணம் அது. தண்டுவடத்துக்கு அருகிலுள்ள தொடையும் தோளும் முதலில் தேறுவதும், பாதமும் விரல்களும் கடைசியில் தேறுவதும் இதனால்தான்.

அந்த இழை வந்து சேரும்வரை, அது சேர வேண்டிய இடத்தைக் கெடாமல் காத்து வைப்பதே குடும்பத்தின் வேலை. அசையாத பாதம் கீழ்நோக்கித் தொங்கியே கிடந்தால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் சுருங்கிவிடும். பிறகு நரம்பு உயிர்பெற்று வந்தாலும் கால் தரையில் படியாது. பிசியோதெரபிஸ்ட் காட்டியபடி மூட்டுகளை நாள்தோறும் மெல்ல மடக்கி நீட்டுவதும், பாதத்தைச் செங்கோணத்தில் தாங்கும் பட்டையை அணிவிப்பதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும் சிறிய காரியங்களாகத் தோன்றலாம். என் பார்வையில் வீடு திரும்பிய பின் இவற்றுக்கு ஈடான மருந்து இல்லை. வெந்நீர் ஒத்தடத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். அன்போடு வைக்கப்படும் வெந்நீர்ப் பை, உணர்வு மங்கிய தோலைச் சுட்டுவிட்டாலும் நோயாளிக்குத் தெரியாது.

களைப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நடக்கத் தொடங்கிய பின்பும், சிலருக்கு ஆண்டுகள் கழிந்தும், கடுமையான சோர்வு நீடிக்கிறது. வெளியே எதுவும் தெரியாததால், "அப்பா முயற்சி செய்வதில்லை" என்று பிள்ளைகள் வருந்துவதுண்டு. அவர் சோம்பியிருப்பதாக எண்ணுவது அநீதி. நலிந்த தசையை அளவுக்கு மீறி உழைக்கவைத்தால் சோர்வும் வலியும் கூடி, அவர் பின்வாங்கிவிடுவார். பத்து நிமிட நடை, ஓய்வு, மீண்டும் பத்து நிமிடம் என்று பிரித்துக்கொள்வதே பொருத்தமானது. தேறி வந்தவருக்கு வலுக்குறைவு மீண்டும் கூடுவதாகத் தெரிந்தால், குறிப்பாக நோய் தொடங்கி எட்டு வாரங்களுக்குப் பின் அப்படி நேர்ந்தால், அதைச் சோர்வென்று விட்டுவிடாமல் உடனே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அது நாட்பட்டுத் தொடரும் வேறொரு நரம்பழற்சியாக இருக்கலாம், அதற்கான சிகிச்சை முறையும் வேறு.