எட்வர்ட் செய்வதற்குப் பெயர் அக்கறை இல்லை, பிள்ளைகளே

பள்ளி கவுன்சிலரான என்னிடம் இந்த மாதம் இதே கதையோடு வந்த நான்காவது பிள்ளை இவள். பிளஸ் ஒன் படிக்கிறாள் (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்). வேளச்சேரியில் டியூஷன் முடிந்ததும் தன் பாய்ஃப்ரெண்டுக்கு லைவ் லொகேஷன் போட வேண்டும். பஸ் லேட்டானால் வீடியோ காலில் பஸ் ஸ்டாப்பைச் சுற்றிக் காட்ட வேண்டும். கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். "அவன் பொசசிவ் மேம், எட்வர்ட் மாதிரி" என்றாள். முகமெல்லாம் பெருமை.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எட்வர்ட், ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' நாவலில் வரும் வாம்பயர் காதலன். அந்த நாவலை எத்தனையோ பிள்ளைகளிடம் நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். 2008-இல் படம் வந்த சமயத்தில் எங்கள் ஹாஸ்டலில் ஒரே பிரதியை ஆறு பேர் மாற்றி மாற்றிப் படித்து உருகினோம். பிறகு பள்ளிகளில் கவுன்சிலராகப் போனபோது, பாடப் புத்தகம் தவிர எதையும் தொடாத பிள்ளைகள்கூட இதைக் கீழே வைக்காமல் படிப்பதைப் பார்த்தேன். ஏதோ ஒன்று படிக்கிறார்களே, போதும் என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் திரும்பப் படித்தேன். எட்வர்ட் தன் காதலைச் சொல்வதற்கு முன்பே, இரவில் நாயகி பெல்லாவின் அறைக்குள் புகுந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அது தெரிய வரும்போது அவள், தூக்கத்தில் என்ன உளறினோமோ என்றுதான் வெட்கப்படுகிறாள். மூன்றாம் பாகமான 'எக்லிப்ஸ்'-இல், நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கப் போகக் கூடாது என்று அவள் வண்டி எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தையே கழற்றி வைக்கிறான். பின்னால் மனம் மாறி விட்டுக்கொடுக்கிறான், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பிள்ளைகள் என்னிடம் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

பொசசிவாக இருந்தால்தான் உண்மையான லவ் என்ற இந்த ஒரு நினைப்போடுதான் நான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். "வீட்டுக்குப் போயிட்டியா?" என்று கேட்பது அக்கறை. "போயிட்டேன்" என்ற பதிலை நம்புவதும் அக்கறை. நம்பாமல் போட்டோ அனுப்பு, பாஸ்வேர்டு கொடு, அவளோடு பேசாதே என்று அடுத்தடுத்து வந்தால் அது அதிகாரம். சந்தேகமாக இருந்தால் சின்ன விஷயம் ஒன்றுக்கு "வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுளித்தாலும் விட்டுவிடுகிறானா, இல்லை அழுது, மிரட்டி, கையைக் கிழித்துக்கொள்வேன் என்கிறானா? எத்தனை முறை சொன்னாலும், "அவ்வளவு லவ் மேம்" என்றுதான் பதில் வருகிறது.

அம்மா அப்பாக்களே, தயவுசெய்து புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். ஒரு வீட்டில் கிழித்தே போட்டார்கள். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் வீட்டில் வாயே திறக்கவில்லை. நீங்களும் ஒருமுறை படியுங்கள், படித்துவிட்டு அவளோடு சண்டை போடுங்கள், பரவாயில்லை. அப்புறம், "உன் மேல இருக்கிற அக்கறையிலதான்" என்று சொல்லி அவள் போனை நோண்டுவதை முதலில் நிறுத்துங்கள். அவன் சொல்வதும் அதே வாக்கியம்தான்.

வேண்டாம் என்ற பிறகும் பின்தொடர்ந்தால், இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி அது குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. 18 வயதுக்குட்பட்டவர்கள் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம், பெண்கள் மகளிர் உதவி எண் 181-ஐ அழைக்கலாம். படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930. மெசேஜ்களை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

நாவலை என் அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. சும்மா கையில் கொடுத்து அனுப்புவதை மட்டும் நிறுத்திவிட்டேன். அந்தப் பிள்ளையிடம், பெல்லா எங்கெல்லாம் "வேண்டாம்" என்கிறாளோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வரச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை வருகிறாள்.