கராம்பெண்ணெய் பல்லுவலிய எப்பிடி நிப்பாட்டுது, அதையே ஏன் பிள்ளைக்கு எட்டாம வைக்கணும்

புறக்கோட்டை கபோஸ் லேன் பக்கம் மருந்துச் சரக்குக் கடைகளுக்குப் போனா கராம்பெண்ணெய், யூக்கலிப்டஸ், கறுவா எண்ணெய் எண்டு சின்னச் சின்னப் போத்தல்ல வாங்கலாம், வெள்ளவத்தைப் பாமசிகள்லயும் கிடைக்குது, இப்ப டிப்யூசரோட (வாசத்தக் காத்துல பரப்புற மெசின்) சேத்து லெவெண்டர், டீ ட்ரீ எல்லாம் ஒன்லைன்ல ஓடர் பண்ணினா வீட்டுக்கே வருது. வாங்குற ஆக்கள்ல கனபேர் நினைக்கிறது "மூலிகைதானே, கூடிப் போனாலும் ஒண்டும் செய்யாது" எண்டு. எனக்குப் பயம் அந்த நினைப்புலதான். இதுகள் உண்மையாவே வேலை செய்யுற சாமான்கள், அதனாலதான் அளவு பாக்கணும்.

ஒரு வெள்ளைக் கடதாசி எடுத்து ஒரு பக்கம் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு, மற்றப் பக்கம் யூக்கலிப்டஸ் ஒரு சொட்டு விட்டு ஃபேனுக்குக் கீழ வச்சுப் பாருங்க. யூக்கலிப்டஸ் விட்ட இடம் காய்ஞ்சு போயிடும், தேங்காய் எண்ணெய் விட்ட இடம் மினுமினுத்துக்கொண்டு அப்பிடியே கிடக்கும். தேங்காய் எண்ணெய்ல உள்ள கொழுப்பு மூலக்கூறுகள் பெருசு, பறக்காது. வாசனை எண்ணெய்ல உள்ளதுகள் ரொம்பச் சின்னது, சும்மா வச்சாலே காத்துல ஏறிப் போயிடும், மூக்குக்கு வாசம் வாறதும் அதாலதான். சின்னதா இருக்கிறதோட கொழுப்புலயும் கரையும், அதனால தோலுக்குள்ள, நரம்புக்குள்ள, உள்ளுக்குப் போனா மூளைக்குள்ளயும் லேசாப் பூந்திடும். இதுகளால வாற நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்தக் குணத்தாலதான்.

அடுத்தது செறிவு. இலையோ பட்டையோ, அதுக்குள்ளால கொதிநீராவிய விட்டா எண்ணெய் ஆவியோட சேந்து வெளிய வரும், குளிரவச்சா தண்ணி வேற எண்ணெய் வேறயாப் பிரியும். அனேகமா எண்ணெய் மேல மிதக்கும், கராம்பெண்ணெய் மாதிரிச் சிலது மட்டும் தண்ணிய விடப் பாரம் எண்டதால அடியில போய்த் தங்கும். நல்ல கராம்புல 15 இலிருந்து 20 வீதம் வரைக்கும் எண்ணெய் இருக்கு, அப்பிடிப் பாத்தா ஒரு 10 மில்லி போத்தலுக்குள்ள 50, 70 கிராம் கராம்போட வீரியம் அடங்கியிருக்கு. ஒரு சட்டி புரியாணிக்கு நாங்க போடுறது எத்தினை கராம்பு எண்டு யோசிச்சுப் பாருங்க.

எங்கட நாட்டுக் கறுவாவ எடுத்தா இன்னும் ஆச்சரியம். ஒரே மரம்தான், ஆனா பட்டையில வடிக்கிற எண்ணெய்ல முக்கியமா சினமல்டிஹைட், இலையில வடிக்கிறதுல யூஜினோல், அதாவது கராம்புல உள்ள அதே சாமான், வேர்ப்பட்டையில கற்பூரம். மூண்டும் உடம்புல செய்யுற வேலை வேற வேற. அதனால கடையில "கறுவா எண்ணெய்" எண்டு மட்டும் லேபல்ல இருந்தா இலையா பட்டையா எண்டு கேட்டே வாங்கணும், பட்டை எண்ணெய் தோல்ல அலர்ஜி கொண்டு வாறதுல பேர் போனது.

யூஜினோல் பல்லுவலிக்குக் கேக்கிறது வெறும் நம்பிக்கை இல்ல. நரம்பு வலிச் செய்தி அனுப்புறதுக்கு சோடியம் உள்ள போற வாசல்கள் திறக்கணும், யூஜினோல் அந்த வாசல்கள அடைக்குது, முரசு மரத்துப் போகுது. பல் டொக்டர்மாரும் துத்தநாக ஒக்சைட்டோட யூஜினோலக் குழைச்சு தற்காலிகமா பல்ல அடைக்கிறாங்க. ஆனா பச்சையா திரும்பத் திரும்ப வச்சா முரசே புண்ணாகும், பல்லுக்குள்ள உள்ள சூத்தையும் அதால மாறாது, டொக்டர்ட்டப் போகும் வரைக்கும் தாங்கத்தான் அது. விழுங்கினா கதை வேற, ஈரல் யூஜினோல உடைக்கும்போது வாற நச்சுப் பொருள் ஈரலையே தாக்கும், பெரசிட்டமோல் அளவு கூடினா நடக்கிற மாதிரித்தான். ரெண்டு வயசுப் பிள்ளை ஒண்டு 5 முதல் 10 மில்லி கராம்பெண்ணெய் குடிச்சு வலிப்பு வந்து கோமாவுக்குப் போய் ஈரலும் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்ல பதிவாகி இருக்கு. ஒண்டு, ரெண்டு தேக்கரண்டிதான் அது.

தடிமனுக்கு வருவம். மெந்தோல் வாசம் பட்டதும் மூக்கு திறந்த மாதிரி இருக்கும், உண்மையில மூக்கடைப்பு அப்பிடியேதான் இருக்கும். குளிர உணருற நரம்புகள்ல உள்ள டிஆர்பிஎம்8 எண்ட குளிர் உணரிய மெந்தோல் தட்டி விடுது, மூளை குளிர்காத்து வருது எண்டு எடுத்துக்கொள்ளுது. பெரியாக்களுக்கு அந்த ஆறுதலே போதும், ஒரு குறையுமில்ல. கைக்குழந்தைக்கு மூக்கடியில மெந்தோலோ கற்பூரமோ சேந்த பாம் பூசுறதுதான் பிழை, குரல்வளை இறுகி மூச்சு நிக்கப் பாக்கும். கற்பூரம் விழுங்கினா வலிப்பு வரும், சின்னப் பிள்ளைக்கு 1 கிராம் கூட உயிராபத்து, யூக்கலிப்டஸ் சில மில்லி போனாலும் மயக்கமும் வலிப்பும் வரலாம். தயவுசெஞ்சு சாமித்தட்டுக் கற்பூரத்தையும் எட்டாத உயரத்துல வையுங்க.

கொழும்புல டெங்குக் காலம் வந்தா சிற்றனெல்லா எண்ணெய் பூசிப் பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புற வீடுகள் இருக்கு. நுளம்பு அந்த வாசத்துக்கு விலகும்தான், ஆனா முன்னம் சொன்ன கடதாசிக் கதைதான் இங்கயும், பறந்து போயிடும். 2002ல வந்த ஒரு ஒப்பீட்டுல சிற்றனெல்லா சேத்த பூச்சுகள் 20 நிமிஷம் கூடத் தாங்கல்ல, 23.8 வீதம் டீட் (DEET எண்ட நுளம்பு விரட்டி மருந்து) உள்ளது அஞ்சு மணித்தியாலம் நிண்டது. டெங்கு நுளம்பு கடிக்கிறது பகல்ல, அதனால காலையில ஒருக்காப் பூசிட்டு நிம்மதியா இருக்க ஏலாது.

தோல்ல பூசுறதா இருந்தா கலந்து பூசுங்க. 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 6 சொட்டு விட்டா கிட்டத்தட்ட 1 வீதம், 12 சொட்டு 2 வீதம், பெரியாக்களுக்கு அதுக்கு மேல தேவையில்ல, கராம்பு எண்டா அரை வீதத்தோட நிப்பாட்டணும். முதல்ல முழங்கை மடிப்புல கொஞ்சம் பூசி ஒரு நாள் பாக்கணும். பிழிஞ்செடுத்த தேசிக்காய் எண்ணெய், தேசிக்காய் இனத்துப் பழத் தோல்ல எடுக்கிற பேர்கமொட் எண்ணெய் ரெண்டையும் பூசிட்டு வெயிலுக்குப் போகாதீங்க, அதுல உள்ள சாமான் வெயில் பட்டதும் தோல எரிச்சுக் கறுப்பாக்கிடும், எங்கட வெயிலுக்குச் சொல்லவே வேணாம். ஆவி வடிச்ச தேசிக்காய் எண்ணெய்ல அந்தப் பிரச்சினை இல்ல. திறந்த போத்தல் சூட்டுல கிடந்து பழசாகினா காத்தோட சேந்து அலர்ஜி தாற பொருளா மாறும், டீ ட்ரீ இதுல முன்னுக்கு நிக்குது, மூடிய இறுக்கிப் ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம். வீட்டுல பூனை இருந்தா டிப்யூசரக் கவனமாப் பாவிங்க, பூனையிட ஈரலுக்கு இதுகள உடைச்சு வெளியேத்துற வசதி குறைவு. ஆஸ்துமாக்காரர் இருக்கிற அறையிலயும் வேணாம்.

பிள்ளை குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, தொண்டைக்குள்ள விரல் விடாதீங்க, எண்ணெய் திரும்பி வரக்குள்ள நெஞ்சுக்குள்ள போய் நுரையீரலக் கெடுத்திடும். பால், உப்புத்தண்ணி ஒண்டும் குடுக்க வேணாம். கொஞ்சம்தானே எண்டு பாத்துக்கொண்டு இருக்காம 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு எடுங்க, இல்லாட்டி கிடைக்கிற ஓட்டோவுல கிட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போங்க, வலிப்பு அரை மணித்தியாலத்துக்குள்ளயே வரலாம். போத்தலையும் கையோட கொண்டு போங்க, என்ன எண்ணெய், எவ்வளவு குறைஞ்சிருக்கு எண்டுதான் டொக்டர் முதல்ல கேப்பாங்க.